அமர்ந்து வாசித்தவர்

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் நெல்லும் இசையும் ஒருசேர விளைந்தன என்று சொல்வது வழக்கம். அந்த இசையை விளைவித்த கைகளுக்கு உரிய மதிப்புக் கிடைத்ததா என்னும் வினா மட்டும் நெடுங்காலம் கேட்கப்படாமலே இருந்தது. கோயில்தோறும் நாகசுரம் ஒலித்தது. விடியலுக்கு ஓர் இராகம், உச்சிப் பொழுதுக்கு ஓர் இராகம், இரவுக்கு ஓர் இராகம் என்று முறை வகுத்திருந்தார்கள். சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி முழங்கியது. அந்த நாதம் இல்லாமல் திருவிழாவும் இல்லை, திருமணமும் இல்லை. ஆனால் அதை எழுப்பியவர் நின்றுகொண்டோ நடந்துகொண்டோதான் வாசிக்க வேண்டும். பெரிய மனிதர் எதிரில் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். நாதத்துக்கு மங்கலம் என்று பெயர். நாதத்தை எழுப்பியவருக்கு மேடை இல்லை. இந்த முரண்பாட்டைத் தம் ஒரு வாழ்நாளிலேயே உடைத்துக் காட்டியவர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை.

1898ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள் திருமருகலில் பிறந்தார். பெற்றோர் குப்புசாமிப் பிள்ளையும் கோவிந்தம்மாளும் இட்ட பெயர் பாலசுப்பிரமணியன். இளமையிலேயே தந்தையை இழந்த அவரை வளர்த்து ஆளாக்கியவர் தாய்மாமனான நாகசுரக் கலைஞர் நடேச பிள்ளை. பிற்காலத்தில் நாடறிந்த டி. என். என்னும் முன்னெழுத்துகளில் ‘என்’ அந்த மாமனையே குறிக்கும். திருவாவடுதுறை ஆதீனத்தின் நிழலில் வளர்ந்த சிறுவன் முதலில் கற்றது வாய்ப்பாட்டு. ஆசிரியர் வயலின் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணையர். அதன் பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் நாகசுரப் பயிற்சி. இந்த வரிசை தற்செயலாக அமைந்திருக்கலாம். அதன் பயன் தற்செயலானதன்று. பாடத் தெரிந்தவன் குழலை எடுத்தால் குழலும் பாடும் என்பதற்கு அவர் வாசிப்பே சான்று.

அந்நாளில் பெருவழக்கில் இருந்தது திமிரி நாகசுரம். குட்டையானது, சுருதி உயர்ந்தது. தேரோடும் வீதியில், தவில் முழக்கத்துக்கும் மக்கள் ஆரவாரத்துக்கும் இடையே நெடுந்தூரம் கேட்க வேண்டிய கருவிக்கு அந்தக் கூர்மை தேவையாக இருந்தது. ஆனால் அதில் சுத்த மத்திமத்தைத் துல்லியமாகப் பிடிப்பது கடினம். மூச்சின் அழுத்தத்தாலும் உதட்டின் பிடியாலும் ஒருவாறு சரிசெய்துகொள்ள வேண்டும். இராஜரத்தினம் பிள்ளை நாடியது வேறு ஒலி: கனமும் குழைவும் உள்ள ஒலி; ஆண்குரல் பாடுவது போன்ற ஒலி. திருவாவடுதுறைக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகசுரம் செய்துவந்த அரங்கநாத ஆசாரி அவருடைய நாட்டத்தைக் கேட்டறிந்து, நீண்ட உடலும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாகசுரத்தைச் செம்மைப்படுத்தினார். சுத்த மத்திமம் அதில் தன் இடத்தில் வந்து நின்றது. வாசிப்பவரின் செவியும் கடைபவரின் உளியும் ஒத்துழைத்த அரிய நிகழ்வு இது. நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது.

அவர் பெயரோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்ட இராகம் தோடி. சுத்த மத்திமம் உடையது, அசைவே உயிரானது. அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. நின்றால் தோடி இல்லை. வீணையில் தந்தியை இழுத்து அந்த அசைவைக் காட்டலாம். நாகசுரத்திலோ விரலைத் துளையின் மேல் பாதி மூடியும் பாதி திறந்தும், சீவாளியில் காற்றைக் கூட்டியும் குறைத்தும்தான் காட்ட வேண்டும். இரவு வீதியுலாவில் தோடியை மணிக்கணக்கில் விரித்தவர், இசைத்தட்டின் ஒரு பக்கத்துச் சில நிமிடங்களுக்குள்ளும் அதன் முழு உருவத்தை வைத்துக் காட்டினார். அந்த இசைத்தட்டு ஊர் ஊராகச் சென்றது. நாகசுரமே கேட்டறியாதவர் வீட்டிலும் அது ஒலித்தது.

கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று இதில் உண்டு. ஆலாபனையில் சொல் இல்லை. மல்லாரியிலும் சாகித்தியம் இல்லை. அவர் வாழ்நாளின் மிகச் சிறந்த பொழுதுகள் சொற்களே இல்லாமல் கழிந்தன. எனினும் கேட்டவர்கள் எதையோ சொல்லக் கேட்டதாகவே உணர்ந்தார்கள். சொல்லுக்கு முன்னே தோன்றும் உணர்ச்சியின் ஓட்டத்தை அவர் தொட்டார். 1940இல் வெளிவந்த ‘காளமேகம்’ திரைப்படத்தில் அந்தக் கவிராயர் வேடத்தில் நடித்தவரும் அவரே.

புகழ் வந்தபோது அதைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளாமல் தம் கருவிக்கும் உரியதாக்க முயன்றார். குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்தார், ஷெர்வானி அணிந்தார். ஒத்துக்கு மாற்றாகத் தம்புராவை வைத்துக்கொண்டார். பாடகர்களைப் போல மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையை வற்புறுத்திப் பெற்றார். இவற்றை ஆடம்பரம் என்றும் செருக்கு என்றும் பழித்தவர் உண்டு. இடுப்பில் துண்டு கட்டி நின்ற தலைமுறைகளின் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அந்த ஷெர்வானியின் பொருள் விளங்கும். 1947இல் விடுதலையை ஒட்டித் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் தில்லி சென்ற குழுவில் அவரும் இருந்தார். கோயில் வாயிலில் நின்ற கருவி நாட்டின் தலைவாயிலில் ஒலித்தது.

குறைகளை மறைத்துப் பெருமை சேர்க்க வேண்டிய நிலையில் அவர் இல்லை. ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வராமல் போனதுண்டு, காத்திருந்தவர்களை நோகவைத்ததுண்டு. ஈட்டிய பொருளைக் காக்கும் திறம் அவரிடம் இல்லை, உடலையும் பேணவில்லை. கட்டுக்கு அடங்காத கற்பனையை மேடையில் போற்றியவர்கள், அதே கட்டின்மையை வாழ்க்கையில் கண்டு வருந்தினார்கள். 1956ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் சென்னையில் காலமானபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

மாணாக்கர் காருகுறிச்சி அருணாசலம் அந்த வழியைத் தமக்கே உரிய இனிமையோடு தொடர்ந்தார். 1964இல் அவரும் மறைந்தார். பாரி நாகசுரம் நிலைத்துவிட்டது; இன்று கோயில்களிலும் மணப்பந்தல்களிலும் பெரும்பாலும் ஒலிப்பது அதுவே. அமர்ந்து வாசிப்பதும் இயல்பாகிவிட்டது. நிலைக்காதது ஒன்று உண்டு. சென்னை மார்கழி இசைவிழாக்கள் பல மங்கல இசையோடு தொடங்குகின்றன. அரங்கு நிறையும் மாலைப் பொழுதில் முழுக் கச்சேரியாக நாகசுரம் கேட்பது அரிதாகவே இருக்கிறது. மணப்பந்தலில் கெட்டிமேளம் முடிந்ததும் கூட்டம் பந்திக்கு எழுந்துவிடுகிறது.

இராஜரத்தினம் பிள்ளை கருவிக்கு இருக்கை வாங்கித் தந்தார். அதன் எதிரே அமர்ந்து, ஒரு தோடி விரிந்து முடியும் வரையில் கேட்டிருப்பது அவர் கையில் இல்லை. அது கேட்பவர் செலுத்த வேண்டிய கடன். நாகசுரச் சக்கரவர்த்தி என்று அவரைப் போற்றிய தமிழுலகம் அக்கடனை இன்னும் முழுதும் தீர்க்கவில்லை.