ஹாக்கி மந்திரவாதி தியான் சந்த்



நம்ம பக்கத்து மேல் அயனம்பாக்கத்துல படிச்ச செஸ் வீரர் குகேஷ், 2025 ஜனவரி 17-ல் டெல்லியில ஜனாதிபதி கையால ஒரு விருது வாங்கினார். அதன் பெயர் மேஜர் தியான் சந்த் கேல் ரத்னா. அன்னிக்கு அதே மேடையில இந்திய ஹாக்கி கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்கும் அதே விருதை வாங்கினார். குகேஷை எல்லாருக்கும் தெரியும். தியான் சந்த் யாருன்னு எங்க வகுப்புல கேட்டேன், நாலு பேர்தான் கை தூக்கினாங்க. அதனாலதான் இதை எழுதுறேன்.

தியான் சந்த் 1905 ஆகஸ்டு 29-ல் அலகாபாத்தில் பிறந்தார். அப்பா சோமேஷ்வர் சிங் ஆங்கிலேயர் ராணுவத்தில் வேலை பார்த்தார். அடிக்கடி ஊர் மாற்றல் வந்ததால் தியானின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டது. பிறகு குடும்பம் ஜான்சியில் தங்கியது. சின்ன வயசுல அவருக்குப் பிடிச்சது ஹாக்கி இல்லை, மல்யுத்தம்தான்!

1922-ல் அவரும் ராணுவத்தில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கே பாலே திவாரி என்ற அதிகாரிதான் அவர் கையில் ஹாக்கி மட்டையைக் கொடுத்துச் சொல்லித் தந்தார். பகல் முழுக்க டியூட்டி. மைதானத்துல விளக்கும் கிடையாது. அதனால் ராத்திரி நிலா வெளிச்சத்தில் தனியாகப் பயிற்சி செய்வார். சந்த் என்றால் நிலா. தியான் சிங் என்ற பெயர் தியான் சந்த் என்று மாறியது இதனால்தான் என்று சொல்வார்கள்.

1926-ல் ராணுவ அணியோடு நியூசிலாந்து போனார். 21 ஆட்டங்களில் 18 வெற்றி. ஒன்றில்தான் தோல்வி.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். இந்திய ஹாக்கி அணி முதல் முறையாகப் போகிறது. பம்பாயில் கப்பல் ஏறும்போது வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர்! ஆனா அங்கே போய் 5 ஆட்டங்களில் 29 கோல் போட்டார்கள். ஒரு கோல்கூட வாங்கவில்லை. அதில் 14 கோல் தியான் சந்த் போட்டது. தங்கப் பதக்கத்தோடு திரும்பி வந்தபோது அதே பம்பாயில் நிற்க இடமில்லாத கூட்டம். ஜெயிக்கிற வரைக்கும் யாரும் பார்க்கல, ஜெயிச்ச பிறகுதான் எல்லாரும் வந்தாங்க.

1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 24-1 என்று ஜெயித்தார்கள். தம்பி ரூப் சிங்கும் அவர்கூட ஆடினார். 1936 பெர்லினில் தியான் சந்த்தான் கேப்டன். அங்கே பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி இந்தியாவை 4-1 என்று தோற்கடித்தது. இறுதி ஆட்டத்திலும் அதே ஜெர்மனி. ஆட்டத்துக்கு முன்னாடி நம் வீரர்கள் காங்கிரசின் மூவர்ணக் கொடிக்கு வணக்கம் செலுத்தினார்கள். மழையில் நனைந்த மைதானம் வழுக்கியது. தியான் சந்த் ஆணி வைத்த ஷூவைக் கழற்றிவிட்டு ரப்பர் அடி ஷூவோடு ஆடினார். 8-1 என்று இந்தியா ஜெயித்தது. அந்த நாள் ஆகஸ்டு 15. சுதந்திரம் வர இன்னும் 11 வருஷம் இருந்தது!

அவர் எழுதிய கோல் என்ற சுயசரிதை 1952-ல் நம்ம சென்னையிலதான் வெளிவந்தது. 1956-ல் மேஜர் பதவியோடு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். அதே வருஷம் பத்மபூஷண் கிடைத்தது. பிறகு பாட்டியாலாவில் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1975 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றி கோல் போட்டது அவருடைய மகன் அசோக் குமார். ஆனால் 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்தரைக்குப் பதில் செயற்கைத் தரை வந்தது. இந்தியாவுக்கு 7-வது இடம்தான். அப்பாவாகவும் பழைய கேப்டனாகவும் அவர் மனசு எப்படி இருந்திருக்கும்?

கடைசி நாட்களில் அவருக்குப் பணக் கஷ்டம். ஜனங்களும் மறந்துட்டாங்க. 1979 டிசம்பர் 3-ல் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் பொது வார்டில் இறந்தார். ஜான்சியில் அவர் விளையாடிய மைதானத்திலேயே இறுதிச் சடங்கு நடந்தது.

ஹாக்கியை ஏன் நாம பார்க்கிறதில்லைன்னு யோசிச்சேன். தியான் சந்த் ஆடியபோது நம்ம நாட்டுல டிவி கிடையாது. 1980-ல் சென்னையைச் சேர்ந்த பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் ஜெயிச்சப்போகூட ரொம்ப வீடுகளில் டிவி இல்லை. 1982-ல் கலர் டிவி வந்தது. அந்த டிசம்பரில் ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 7-1 என்று தோற்றோம். அதை நாடே டிவியில பார்த்தது. அடுத்த வருஷம் ஜூன் மாதமே கபில்தேவ் அணி கிரிக்கெட் உலகக் கோப்பையை ஜெயித்தது. வீட்டுக்கு டிவி வந்த நேரத்துல ஹாக்கி தோத்துச்சு, கிரிக்கெட் ஜெயிச்சுது. பார்க்க ஆள் இருந்தாத்தான் விளம்பரம் வரும், விளம்பரம் வந்தாத்தான் டிவியில போடுவாங்க.

இப்போ நிலைமை மாறியிருக்கு. 2021 டோக்கியோவிலும் 2024 பாரிஸிலும் ஆண்கள் அணி வெண்கலம் வாங்கியது. டோக்கியோவில் பெண்கள் அணி 4-வது இடம். 2023 ஆகஸ்டில் எழும்பூர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் மலேசியாவை 4-3 என்று ஜெயித்து ஆசியக் கோப்பை ஒன்றையும் வாங்கினோம். ஆட்டமும் சின்னதாகிவிட்டது. முன்பு 35 நிமிஷம் இரண்டு பாதி. இப்போது 15 நிமிஷம் நாலு பகுதி. டிவியில பந்து நல்லா தெரியணும்னு 2012 ஒலிம்பிக்கில் நீலத் தரையும் மஞ்சள் பந்தும் கொண்டு வந்தார்கள்.

நாமும் ஏதாவது செய்யலாமே! ஆகஸ்டு 29 தேசிய விளையாட்டு தினம். அன்னிக்கு ஒரு முழு ஹாக்கி ஆட்டத்தைப் பள்ளியில போட்டுக் காட்டச் சொல்லி தலைமையாசிரியரிடம் கேட்கலாம். பெனால்டி கார்னர்னா என்ன, பச்சை அட்டை எதுக்கு என்று விளையாட்டு ஆசிரியர் முதல்ல சொல்லிக் கொடுத்தா ஆட்டம் புரியும். புரிஞ்சா போரடிக்காது. பெண்கள் பிரிவுக்கு நாலு மட்டை வாங்கித் தந்தாலும் போதும், நாங்க ஆரம்பிச்சிடுவோம்.

வழியனுப்ப மூணு பேர் வந்த அணிதான் தங்கம் ஜெயித்தது. அடுத்த தடவை இந்தியா ஹாக்கி ஆடும்போது, ஜெயிக்கிறதுக்கு முன்னாடியே நாம பார்ப்போமா?

— ஒன்பதாம் வகுப்பு மாணவி