ஒரோசியுஸ்

பவுலுஸ் ஒரோசியுஸ் என்பவர் கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த கிறித்தவக் குருவும் வரலாற்றாசிரியரும் ஆவார். பிற சமயத்தாருக்கு மறுப்பாக இவர் இலத்தீனில் ஏழு நூல்களாக எழுதிய உலக வரலாறு, இடைக்கால ஐரோப்பாவில் பண்டைய வரலாற்றைக் கற்பிக்கும் முதன்மை நூல்களுள் ஒன்றாக விளங்கியது.

வாழ்க்கை

இவர் இன்றைய போர்த்துகலின் பிராகா நகரைச் சேர்ந்தவர் எனப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஏறத்தாழ 414இல் வட ஆப்பிரிக்காவின் இப்போ நகருக்குச் சென்று ஆயர் அகுஸ்தீனைச் சந்தித்தார். 415இல் அகுஸ்தீன் இவரைப் பெத்லகேமில் வாழ்ந்த எரோணிமுஸிடம் அனுப்பினார். அவ்வாண்டு எருசலேமில் பெலாஜியுஸின் கொள்கையை எதிர்த்து வாதிட்டார். 416இல் ஆப்பிரிக்கா திரும்பினார். 418க்குப் பிந்திய இவரது வாழ்வு பற்றிய செய்திகள் கிடைக்கவில்லை.

உலக வரலாறு

410இல் அலாரிக் தலைமையிலான விசிகோத்தியர் உரோமை நகரைச் சூறையாடினர். பழைய தெய்வங்களைக் கைவிட்டதே இவ்வழிவிற்குக் காரணம் எனப் பிற சமயத்தார் கிறித்தவர்களைக் குறைகூறினர். அகுஸ்தீனின் வேண்டுகோளுக்கிணங்க ஒரோசியுஸ் இதற்கு மறுப்பு எழுதினார். கிறித்தவத்திற்கு முந்திய காலத்தின் போர்கள், பஞ்சங்கள், கொள்ளைநோய்கள் ஆகியவற்றைத் தொகுத்து, பழங்காலத் துன்பங்களே கொடியவை என நிறுவ முயன்றார். முதல் நூலில் உலகின் புவியியலை விவரித்தார். பாபிலோன், மக்கெதோனியா, கார்த்தேஜ், உரோமை என்னும் நான்கு பேரரசுகளின் வரிசையாக வரலாற்றை அமைத்தார். வாதத்திற்கு ஏற்பப் பழைய கேடுகளைப் பெரிதாக்கி, 410ஆம் ஆண்டின் அழிவைச் சிறிதாக்கிக் காட்டியது இந்நூலின் முக்கியக் குறையாகும்.

இடைக்காலத்தில் தாக்கம்

8ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் துறவி பீட் இந்நூலைத் தம் திருச்சபை வரலாற்றில் பயன்படுத்தினார். அரசர் ஆல்பிரட் காலத்தை ஒட்டி இது பழைய ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. அப்பெயர்ப்பில் வடகடல் பயணி ஓத்தரின் செய்திகளும் சேர்க்கப்பட்டன. எசுப்பானியாவில் அரபு மொழிபெயர்ப்பும் தோன்றியது. 14ஆம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் அதனைப் பயன்படுத்தினார்.

12ஆம் நூற்றாண்டில் பிரைசிங் நகர ஆயர் ஓட்டோ, அகுஸ்தீனையும் ஒரோசியுஸையும் இணைத்தே தம் வரலாற்றை எழுதினார். ஆயினும் இருவரின் பார்வையும் ஒன்றல்ல. உரோமைப் பேரரசைக் கடவுளின் திட்டத்தோடு ஒரோசியுஸ் நெருக்கமாகப் பிணைத்தார். அகுஸ்தீனோ எந்த அரசையும் கடவுளின் நகரோடு ஒன்றாக்கவில்லை. இடைக்கால வரலாற்றாசிரியர்கள் பலர் ஒரோசியுஸின் கண்கொண்டே அகுஸ்தீனைப் படித்தனர். இந்நூலின் ஏறத்தாழ 250 கையெழுத்துப் படிகள் எஞ்சியுள்ளன. 1471இல் செருமனியின் ஆகுசுபர்க் நகரில் இது முதன்முதலாக அச்சிடப்பட்டது.