நஞ்சைக் கட்டி மருந்தாக்கிய பச்சாவத்

எங்கள் தளவானூர் மகேந்திரவர்மன் குடைந்த குகைக்கோயிலால் பெயர் பெற்றது. பெரிய நோய் என்றால், எங்கள் ஊரார் செஞ்சி சென்று, சேத்துப்பட்டு, ஆரணி வழியாக வேலூருக்குப் பேருந்து ஏறுவர். அந்த வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உழைத்த அறிஞர் ஒருவரை நம்மில் பலர் அறியோம். அவர்தாம் பிமல் குமார் பச்சாவத்.

1925-இல் கல்கத்தாவில் பிறந்தவர். அமெரிக்காவில் உயிர்வேதியியல் பயின்றவர். அங்கே மைனர் கூன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, உடலில் கொழுப்புப் பொருள் சிதையும் வழியொன்றை 1955-இல் விளக்கினார். அங்கேயே இருந்திருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ வேலூர் வந்து, மூளையின் கொழுப்புகளை ஆராயும் கூடத்தை நிறுவினார். 1962-இல் பட்நாகர் பரிசு அவரைத் தேடி வந்தது. பின்னர்க் கல்கத்தா, அதன்பின் தில்லிப் பல்கலைக்கழகத் தென்வளாகம்.

நான் வியப்பது அவருடைய பிற்காலப் பணியையே. ஆம்போடெரிசின்-பி என்பது பூஞ்சை நோய்களுக்கு வலிமை மிக்க மருந்து. அது பூஞ்சை அணுவின் உறையிலுள்ள எர்கோஸ்டிராலைப் பற்றி, உறையைப் பழுதாக்கும். நம் உயிரணுக்களிலோ அதன் பங்காளிபோல் கொலஸ்டிரால் இருக்கிறது. மருந்து அதையும் ஓரளவு பற்றுவதால் குளிர்க் காய்ச்சல் வரும், சிறுநீரகம் கெடும். பகையை அழிக்க வந்த படை நம் வயலையும் மிதிப்பது போன்றது இது.

பச்சாவத்தும் அவர் மாணவர்களும் மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழ்களுக்குள் பொதிந்தனர். குமிழில் கட்டுண்ட மருந்து சிறுநீரகத்தை அதிகம் தாக்குவதில்லை. சாதாரண மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் கொடுக்கவே மருத்துவர் அஞ்சுவர். குமிழ் மருந்தை ஐந்து மில்லிகிராம் வரையிலும் கொடுக்க முடிகிறது. தில்லியில் உருவான மருந்து மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. வெளிநாட்டுக் குமிழ் மருந்தின் விலை நம்மவர்க்கு எட்டாதிருந்த காலம் அது!

1990-இல் பத்மபூஷண் பெற்ற அவர் 1996-இல் மறைந்தார். அவர் பணியின் வழிவந்த மருந்து பின்னர் ஃபங்கிசோம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

2021-இல் கொரோனாவை அடுத்துக் கருப்புப் பூஞ்சை பரவியபோது நாடெங்கும் குமிழ் மருந்துக்குத் தட்டுப்பாடு. என் பெரியப்பாவுக்கு முதலில் கிடைத்தது சாதாரண மருந்துதான். ஊசி ஏறியதும் கட்டில் ஆட நடுங்குவார். நான்காம் நாளே இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறிவிட்டது. அலைந்து திரிந்து குமிழ் மருந்தைப் பெற்றோம். ஒரு கண் போயிற்று, சிறுநீரகம் தப்பியது. நஞ்சு குறைந்ததே தவிர முற்றும் நீங்கவில்லை. அதனால் குமிழ் மருந்து ஏறிய நாள்களிலும் பெரியப்பாவின் இரத்தத்தைச் சோதித்துக்கொண்டேதான் இருந்தார்கள்.