ஆத்திரத்துக்கு எல்லை போட்ட மெக்காலே

மெக்காலே என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருவது ஆங்கிலக் கல்விதான். 1835இல் அவர் எழுதிய கல்விக் குறிப்புக்காக இன்றும் மேடைகளில் அவரைத் திட்டுகிறார்கள். கீழைத்தேய நூல்கள்மீது அவருக்கிருந்த இளக்காரத்துக்கு அது தகும். ஆனால் செய்தி சேகரிப்பதற்காகத் திருகோணமலை மேல் நீதிமன்றத்தில் கொலை வழக்குகளைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வேறொரு மெக்காலேதான் நினைவுக்கு வருகிறார்.

தோமஸ் பபிங்டன் மெக்காலே 1800 ஒக்டோபர் 25இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் பிறந்தார். தந்தை சக்கரி அடிமை வாணிபத்துக்கு எதிராக நின்றவர். குடும்பத்தின் வியாபாரம் நொடித்துப்போக, பாரம் மூத்த மகனின் தலையில் விழுந்தது. இந்தியப் பதவியை அவர் ஏற்றதற்குச் சம்பளமும் ஒரு முக்கிய காரணம். 1834 யூனில் தங்கை ஹன்னாவுடன் சென்னையில் இறங்கினார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஹன்னா திருமணம் செய்துகொண்டார். இங்கிலாந்தில் இருந்த இன்னொரு தங்கை மார்கரெட் இறந்த செய்தி கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தது. கடைசிவரை மணம் முடிக்காத அவர், துக்கத்தைப் புத்தகங்களாலும் வேலையாலும் மூடிக்கொண்டார்.

அந்த வேலைதான் தண்டனைச் சட்டக்கோவை. ஆணைக்குழுவில் இருந்த மற்றவர்கள் நோயில் விழ, பெரும்பகுதியை அவரே எழுதினார். உடனிருந்தவர்களில் ஒருவர் சார்ள்ஸ் கமரன். பாடசாலையில் கோல்புறூக் - கமரன் ஆணைக்குழு என்று படித்தோமே, அதே கமரன்தான். 1837இல் வரைவு முடிந்தது.

அக்கால ஆங்கிலச் சட்டம் வெறும் சொல்லைப் பொதுவாக ஆத்திரமூட்டலாக ஏற்பதில்லை. மெக்காலே அதற்கு உடன்படவில்லை. சில அவமானங்கள் உடற்காயத்தைவிட மனிதனை அதிகம் நிலைகுலையச் செய்யும் என்று வாதிட்டார். அப்படிக் கொன்றவன் தண்டிக்கப்பட வேண்டும், ஆனால் ஆற அமரத் திட்டமிட்டுக் கொன்றவனோடு அவனைச் சேர்த்து நிறுத்தக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. கோவை 1860இல் சட்டமானபோது அவர் உயிரோடு இல்லை. 1859 டிசெம்பர் 28இல் காலமாகியிருந்தார்.

அதை ஒட்டித்தான் இலங்கையின் 1883ஆம் ஆண்டு 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை இயற்றப்பட்டது. அதன் 294ஆம் பிரிவின் முதலாவது விதிவிலக்கு, கடுமையானதும் திடீரென நேர்ந்ததுமான ஆத்திரமூட்டலால் தன்னடக்கத்தை இழந்து கொன்றவரைப் பற்றியது. மன்று அதை ஏற்றால், எதிரி கொலைக் குற்றத்திலிருந்தும் மரண தண்டனையிலிருந்தும் தப்புவார். குற்றம் கொலையாகாத மனிதக்கொலையாகக் குறையும். கொல்லும் எண்ணம் இருந்தாலும் இலங்கைச் சட்டத்தில் இந்த விதிவிலக்கைக் கோரலாம் என்று 1953இல் பெரேரா வழக்கில் கோமறைக் கழகம் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் 2010இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் 'திடீர்' என்ற நிபந்தனையைக் கைவிட்டுவிட்டது. நெடுங்காலம் அடி வாங்கிய பெண்களுக்கு அந்தச் சொல் தடையாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம். நம் கோவையில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது.

இந்த விதிவிலக்கில் இன்னொரு எல்லையும் உண்டு. ஆத்திரமூட்டியவரையே கொன்றிருக்க வேண்டும். அல்லது தவறுதலாலோ விபத்தாலோ வேறொருவர் இறந்திருக்க வேண்டும். அண்ணன் ஏசினான் என்று தம்பியைத் தேடிப்போய் வெட்டினால் இந்தச் சலுகை இல்லை.

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1983 யூலை 23இல் திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாட்களில் இங்கே கடற்படையினர் முகாமைவிட்டு வெளியே வந்து தமிழரின் வீடுகளையும் கடைகளையும் எரித்தார்கள். வெலிக்கடையில் 25ஆம், 27ஆம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். பூட்டிய கூண்டுக்குள் இருந்தவர்கள் யாருக்கு ஆத்திரமூட்டியிருக்க முடியும்? 28ஆம் திகதி தொலைக்காட்சியில் தோன்றிய ஜனாதிபதி ஜெயவர்தன, நடந்தவற்றைச் சிங்கள மக்களின் கோபம் என்றே விளக்கினார். ஒரு கிராமத்துக் கொலை எதிரி இதே விளக்கத்தோடு மன்றில் நின்றிருந்தால், 294ஆம் பிரிவைக் காட்டி நீதிபதி அதை நிராகரித்திருப்பார்.

வெலிக்கடைக் கொலைகளுக்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. விதிவிலக்கைக் கோரி வாதாடும் தேவைகூட அவர்களில் ஒருவருக்கும் வரவில்லை.