குழந்தைகளின் மூட்டு நோயும் டாக்டர் ஸ்டில்லும்

மலர்க் குழுவினர் ஒரு மேதையின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று கேட்டபோது, வழக்கம்போல ராமானுஜன், விஸ்வேஸ்வரய்யா என்று எழுதிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்களே! எனவே இம்முறை ஒரு டாக்டர். இன்ஜினியருக்கு இந்த வேலை எதற்கு என்று என் பேட்ச் நண்பர்கள் கேலி செய்வார்கள். காரணம் இருக்கிறது.

என் அக்கா மகளுக்கு நாலு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. இரண்டு கன்னமும் அறைந்த மாதிரி சிவந்து, ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அடுத்த மாதம் காலையில் எழுந்தால் நொண்டுகிறாள்; வலது முழங்கால் வீங்கியிருந்தது. மதியத்துக்குள் ஓடியாடுவாள், மறுநாள் காலை மறுபடி அதே கதை. ஆறு வாரம் பொறுத்துப் பார்த்த டாக்டர், இது சிறுவயது மூட்டுவாதம் என்றார். குழந்தைக்குக்கூட மூட்டுவாதம் வருமா என்று வீடே திகைத்தது. அக்காவுக்கோ வேறு கவலை. ஒரு கல்யாண வீட்டில்தான் காய்ச்சல் ஒட்டியது. அங்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனது தான்தானே என்று ராத்திரியெல்லாம் அழுதாள். நிஜமாகவே அந்த வைரஸ்தான் மூட்டைப் பிடித்ததா? இதைத் தேடிப் படித்தபோதுதான் ஜார்ஜ் ஃப்ரெடரிக் ஸ்டில் எனக்கு அறிமுகமானார்.

1868 பிப்ரவரி 27ஆம் தேதி லண்டனின் ஹாலோவே பகுதியில் பிறந்தவர். தந்தை சுங்க இலாகாவில் வேலை பார்த்தவர். பையன் கேம்பிரிட்ஜ் போய்ப் படித்தது மருத்துவம் அல்ல, கிரேக்கமும் லத்தீனும்! 1888இல் அதில் முதல் வகுப்பு. அதன் பிறகுதான் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். நம் ஊர்க் கணக்கில், தமிழ் இலக்கியத்தில் மெடல் வாங்கிவிட்டு மெடிக்கல் காலேஜ் வாசலில் போய் நின்ற மாதிரி. எந்த குரூப்பில் சேர்ந்தோமோ அதுதான் தலையெழுத்து என்று நினைக்கும் மாணவத் தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

1890களில் அவர் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில் வேலைக்கு வந்தார். வார்டில் நோயாளிகளைப் பார்ப்பது, குறிப்பேடுகளை எழுதி வைப்பது, இறந்தவர்களின் உடலைப் பரிசோதிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அங்கே மூட்டு வீங்கி, கை கால் மடங்கிக் கிடந்த குழந்தைகளைப் பார்த்தார். பெரியவர்களுக்கு வரும் முடக்குவாதம் குழந்தைகளுக்கும் வருகிறது, அவ்வளவுதான் என்பது அன்றைய பொதுக் கருத்து. ஸ்டில் அதோடு விடவில்லை.

1897இல், 29 வயதில், 22 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர்களில் ஒரு பகுதியினரிடம் மூட்டு மட்டும் அல்ல, நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கியிருந்தன, காய்ச்சலும் இருந்தது. மூட்டில் எலும்பு வளர்ந்து பெருக்கவில்லை, சுற்றியுள்ள மென்தசைதான் தடித்திருந்தது. பெரும்பாலும் பால்பல் விழும் முன்பே நோய் தொடங்கியது. ஆகவே இது பெரியவர்களின் நோய்க்குச் சின்ன சைஸ் அல்ல, இதிலே வேறு நோய்களும் கலந்திருக்கின்றன என்று அவர் பிரித்துக் காட்டினார். அந்த வகைக்குத்தான் ஸ்டில் நோய் என்று பெயர் வந்தது. குழந்தைகளின் மூட்டுவாதத்தை முதலில் எழுதியவர் இவர்தான் என்று சொல்ல முடியாது. 1891இலேயே பாரிசில் டயமான்பெர்ஜே என்பவர் அதைப் பற்றி ஆய்வேடு எழுதியிருக்கிறார். ஆனால் கலந்து கிடந்ததைப் பிரித்துப் பார்த்த கண் ஸ்டில்லுடையது.

காரணம் என்ன? அதற்கு அவர் காலத்தில் கருவியே கிடையாது. பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் தாண்டிப் போகும் கிருமிக்கு வைரஸ் என்ற பெயரை பெயரிங்க் சூட்டியதே 1898இல்தான், அதாவது ஸ்டில் கட்டுரைக்கு அடுத்த வருஷம்.

வைரஸ் மூட்டைத் தாக்கும் என்பது பிறகு நன்றாகவே தெரிந்துவிட்டது. 2006இல் சிக்குன்குனியா வந்து போன ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரூபெல்லா தாக்கும். கன்னத்தைச் சிவக்க வைக்கும் பார்வோவைரஸ் பி19ம் தாக்கும். 1975இல் லண்டனில் ரத்தப் பரிசோதனையின்போது தற்செயலாகக் கிடைத்த கிருமி அது; பி வரிசையில் 19ஆம் மாதிரி என்பதால் அந்தப் பெயர். ஆனால் குழந்தைகளுக்கு இப்படி வரும் வீக்கம் பெரும்பாலும் சில வாரங்களில் தானே போய்விடும். அதனால்தான் ஆறு வாரக் கணக்கு. 16 வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரமாவது நீடித்து, வேறு காரணம் எதுவும் அகப்படாவிட்டால்தான் சிறுவயது மூட்டுவாதம் என்கிறார்கள். டாக்டர் சும்மா இழுத்தடிக்கிறார் என்று நாங்கள் முணுமுணுத்த அந்த ஆறு வாரமும் ஸ்டில் செய்த அதே பிரிக்கும் வேலைதான்.

அப்படியானால் நீடிக்கும் நோயையும் வைரஸ்தான் தொடங்கி வைக்கிறதா? 1985இல் கனடாவில் நாள்பட்ட மூட்டு நோயுள்ள 19 குழந்தைகளைச் சோதித்ததில் 7 பேரிடம் ரூபெல்லா வைரஸ் கிடைத்தது. பிடித்துவிட்டோம் என்றுதான் தோன்றும். ஆனால் பின்னால் மற்றவர்கள் தேடியபோது அது அப்படிக் கிடைக்கவில்லை. 1997இல், ஸ்டில் கட்டுரைக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து, பின்லாந்துக்காரர்கள் மூட்டுச் சவ்வில் பார்வோவைரஸின் மரபணுவைத் தேடினார்கள். நோயுள்ள குழந்தைகளிடம் இருந்தது. மூட்டில் அடிபட்டு வந்த, மற்றபடி ஆரோக்கியமான இளைஞர்களிடமும் இருந்தது, குறைவாக அல்ல! எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு இது. ரிப்பேருக்கு வந்த மோட்டாரில் மட்டும் தூசியைப் பார்த்துவிட்டு, தூசியால்தான் ரிப்பேர் என்று ரிப்போர்ட் எழுதினால் எங்கள் மேனேஜர் ஒப்புவாரா? நன்றாக ஓடும் மோட்டாரையும் திறந்து பார் என்பார்.

பிறவியிலேயே வரும் இயல்பும் வெளியிலிருந்து வரும் ஏதோ ஒரு தூண்டுதலும் சேர்ந்துதான் இந்த நோய் வருகிறது என்பது இன்றைய எண்ணம். தூண்டுவதில் வைரஸுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் இந்த வைரஸ்தான் என்று எதன் மேலும் குற்றம் நிரூபணமாகவில்லை. இதை அக்காவுக்கு ஒரு பேப்பரில் படம் போட்டு விளக்கினேன். அந்தக் காய்ச்சல் வந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். மூட்டுவாதம் வந்தது எத்தனை பேருக்கு? கல்யாணத்துக்குப் போனது தப்பில்லை அக்கா என்றேன். அன்றைக்கு அழுகை கொஞ்சம் நின்றது. மருந்தும் உடற்பயிற்சியும் தொடர, பிள்ளை இப்போது ஸ்கூலுக்கு நடந்தே போகிறாள். கண்ணை மட்டும் விடாமல் பரிசோதிக்கிறோம். இந்த நோயில் சிவப்போ வலியோ இல்லாமலே கண்ணின் உள்ளே அழற்சி வரும், கவனிக்காவிட்டால் பார்வையே போகலாம். வீட்டில் இப்படிக் குழந்தை இருக்கிறவர்கள் இதைத் தள்ளிப் போடாதீங்க.

ஸ்டில் 1902இல், கவனம் ஓரிடத்தில் நிற்காத, அடங்காத பிள்ளைகளைப் பற்றி மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். வளர்ப்புச் சரியில்லை என்று பெற்றோரைத் திட்டிய காலத்தில், இதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கலாம் என்றார். 1906இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இங்கிலாந்தின் முதல் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஆனார். 1937இல் சர் பட்டம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தாயாரைத் தன்னோடு வைத்துக் காப்பாற்றினார். பெரியவர்களிடம் கூச்சம், குழந்தைகளிடம் மட்டும் தாராளமாகப் பழகுவாராம். பழைய கிரேக்க, லத்தீன் படிப்பும் வீண் போகவில்லை. 1931இல் அவர் எழுதிய குழந்தை மருத்துவ வரலாற்றுக்கு அதுதான் கைகொடுத்தது.

1941 ஜூன் 28ஆம் தேதி சால்ஸ்பரியில் காலமானார். குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய கவிதைகளும் அதே வருஷம் புத்தகமாக வந்தன.