ஆற்றையே அளந்த ஒற்றைக் கை மனிதர்



எங்க வீட்ல குழாய்த் தண்ணி வர்ற அன்னிக்கு அம்மா முதல்ல நிறைஞ்ச குடத்தை எண்ணுவாங்க. அப்புறம்தான் துணி துவைக்கலாமா வேண்டாமா என்று சொல்வாங்க. இதே கணக்கை ஒரு நாட்டின் ஆறுகளுக்கே போட்டுப் பார்த்தவர் ஜான் வெஸ்லி பவல். அவரைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன்.

பவல் 1834-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். உள்நாட்டுப் போரில் சேர்ந்தார். 1862-இல் ஷைலோ என்ற இடத்தில் நடந்த சண்டையில் குண்டு பாய்ந்து வலது கையை இழந்தார். நாமா இருந்தா வீட்டோடு முடங்கியிருப்போம். அவர் முடங்கவில்லை.

1869-இல் 4 படகுகளில், தன்னோடு சேர்த்து 10 பேராக, கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கைக் கடக்கப் புறப்பட்டார். வழியில் ஒரு படகு பாறையில் மோதி உடைந்தது. சாப்பாட்டுப் பொருளும் கருவிகளும் அதோடு போச்சு. 4 பேர் பாதியில் விலகிவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு மேல் போராடி, 6 பேர் மட்டும் கரை சேர்ந்தார்கள். அதில் ஒற்றைக் கை பவலும் ஒருவர்!

அந்த மேற்குப் பகுதி வறண்ட பூமி. ஆனால் ஏர் பூட்டி உழுதால் மழை தானா வரும் என்று அப்போது பலர் நம்பினார்கள். குடும்பம் குடும்பமாகக் குடியேறினார்கள். பவல் நம்பவில்லை, கணக்குப் போட்டார். 1878-இல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். ஆண்டுக்கு 20 அங்குலத்துக்குக் குறைவாக மழை பெய்யும் இடத்தில் பாசனம் இல்லாமல் விவசாயம் நிலைக்காது என்றார். யூட்டா பகுதியில் இருக்கிற தண்ணி முழுவதையும் பாய்ச்சினாலும் 100 ஏக்கருக்கு 3 ஏக்கர்கூட தேறாது என்று காட்டினார்.

1881-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் இயக்குநர் ஆனார். ஆற்றில் எவ்வளவு தண்ணி ஓடுகிறது என்று அளக்க ஆட்களைப் பழக்கினார். 1889-இல் ரியோ கிராண்டே ஆற்றில் எம்புடோ என்ற இடத்தில் நீர் அளக்கும் நிலையம் தொடங்கியது.

1893-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பாசன மாநாடு நடந்தது. இருக்கிற நிலத்துக்குப் போதுமான தண்ணி இல்லை என்று பவல் மேடையிலேயே சொன்னார். நிலம் விற்கக் காத்திருந்தவர்களுக்கு அது பிடிக்குமா? கூட்டத்தில் கூச்சல் போட்டார்கள். அவர் சொன்னதை மாற்றவில்லை. அடுத்த ஆண்டே இயக்குநர் பதவியை விட்டார். 1902 செப்டம்பர் 23-இல் காலமானார்.

1922-இல் கொலராடோ ஆற்றை மாநிலங்களுக்குப் பங்கு வைத்தார்கள். நல்லா மழை பெய்த வருஷங்களை வைத்துக் கணக்குப் போட்டதால், காகிதத்தில் இருக்கிற தண்ணி ஆற்றில் இல்லை. இன்று சுமார் 4 கோடி பேர் அந்த ஆற்றை நம்பியிருக்கிறார்கள். அதில் அணை கட்டி உண்டான ஏரிக்குப் பவல் பெயரையே வைத்தார்கள். 2023 தொடக்கத்தில் அந்த ஏரியில் கால் பங்குத் தண்ணிகூட இல்லை! இதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமா இருந்துச்சு. அவர் பெயரை வைத்தவர்கள் அவர் பேச்சைக் கேட்டிருக்கலாமே!

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம்ம பாட்டிமார் சொல்வாங்க. பவல் ஆற்றையே அளந்தவர். பங்கு வைக்கும் முன் எண்ணிப் பார்ப்போம் தோழர்களே! கூச்சல் போட்டாலும் உண்மையைச் சொல்வோம்!



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி