குதிரைகளையே தாக்கிய மின்சார மீன்: 200 வருஷம் கழித்து உண்மையான ஹம்போல்ட் கதை!

1800-ம் ஆண்டு மார்ச் மாதம். தென் அமெரிக்காவின் வெனிசுவேலாவில், கலபோசோ ஊருக்குப் பக்கத்தில் ஒரு சேற்றுக் குட்டை. சுமார் 30 குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் அதற்குள் விரட்டி விடுகிறார்கள். சேறு கலங்கியதும் வெளியே வந்த மீன்கள், குதிரைகளின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஷாக் கொடுக்க ஆரம்பித்தன. 5 நிமிஷத்துக்குள் 2 குதிரைகள் மூழ்கிச் செத்தன.

இதைக் கரையில் நின்று பார்த்தவர் அலெக்ஸாண்டர் ஃபான் ஹம்போல்ட். பின்னாளில் உலகமே கொண்டாடிய விஞ்ஞானி. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும், கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார் என்றே பலரும் நினைத்தார்கள்.

யார் இந்த ஹம்போல்ட்?

1769-ல் பெர்லினில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சுரங்கத் துறையில் அதிகாரி. செத்த தவளையின் காலை உலோகத்தால் தொட்டால் துடிக்கும் என்று இத்தாலியின் கால்வானி கண்டுபிடித்திருந்த நேரம் அது. உடம்புக்குள் மின்சாரம் இருக்கிறதா என்ற கேள்வி ஹம்போல்ட்டைப் பிடித்துக்கொண்டது. தன் முதுகிலேயே கொப்புளம் வரவழைத்து, அந்தப் புண்ணில் உலோகத்தை வைத்துச் சோதித்துப் பார்த்தார் மனுஷன்!

1796-ல் அம்மா இறந்தார். கைக்கு வந்த சொத்தை வைத்துப் பயணத்துக்குத் தயாரானார். 1799-ல் பிரெஞ்சு தாவரவியலாளர் போன்ப்ளானுடன் ஸ்பெயினில் கப்பல் ஏறினார்.

குதிரைகள் எதற்கு?

கலபோசோ பக்கத்துக் குட்டைகளில் மின்சார விலாங்கு மீன் நிறைய உண்டு. ஆனால் பயத்தில் யாரும் எளிதில் பிடித்துத் தரவில்லை. கடைசியில் அங்கிருந்த பழங்குடியினர் சொன்ன வழிதான் குதிரை. திரும்பத் திரும்ப ஷாக் கொடுத்தால் மீன் சோர்ந்துவிடும். அப்போது கரை ஒதுங்கும் மீனைக் கயிறு கட்டிய சின்ன ஈட்டியால் பிடிக்கலாம். கயிறு காய்ந்திருந்தால் ஷாக் அடிக்காது. குதிரைகளுக்குக் கொடுமைதான், ஆனால் மீன்கள் சிக்கின.

அப்போதுதான் பிடித்த ஒரு மீன் மேல் ஹம்போல்ட் இரண்டு காலையும் வைத்தார். அவ்ளோதான்! அன்று முழுக்க முழங்காலிலும் மற்ற மூட்டுகளிலும் வலி விடவில்லை.

மீனுக்குள் கரண்ட் எப்படி?

விலாங்கு என்று சொன்னாலும் இது உண்மையான விலாங்கு இனம் இல்லை. இதன் உடம்பில் பெரும்பகுதி மின்சாரம் தயாரிக்கும் உறுப்புகள்தான். அதில் ஆயிரக்கணக்கான செல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு செல் தருவது சுமார் 0.1 வோல்ட் மட்டுமே. ஆனால் மூளையிலிருந்து உத்தரவு வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். டார்ச் லைட்டில் பேட்டரிகளை வரிசையாகப் போடுவது மாதிரி வோல்ட் கூடிக்கொண்டே போகும்.

2019-ல் அடையாளம் காணப்பட்ட ஓர் இனத்தில் 860 வோல்ட் வரை பதிவானது. நம் வீட்டு கரண்ட் 230 வோல்ட்தான்! ஆனால் மீனின் ஒவ்வொரு ஷாக்கும் நொடியில் மிகச் சிறிய பங்கு நேரம்தான் நீடிக்கும். இதே மீன் லேசான மின்சாரத்தையும் வெளியிடும். கலங்கிய தண்ணீரில் வழி கண்டுபிடிக்கவும் இரை தேடவும் அதுதான் அதற்குக் கண் மாதிரி.

அந்த 860 வோல்ட் இனத்துக்கு வைத்த பெயர் எலக்ட்ரோபோரஸ் வோல்டாய். பேட்டரியைக் கண்டுபிடித்த வோல்டாவின் நினைவாக. அவர் தன் பேட்டரியைப் பற்றிக் கடிதம் எழுதியதும் 1800 மார்ச்சில்தான்!

உண்மை தெரிந்தது எப்போது?

தப்பி ஓடாமல் மீன் ஏன் குதிரையைத் தேடி வந்து தாக்க வேண்டும்? இதுதான் பலருக்கும் இருந்த சந்தேகம். 2016-ல் அமெரிக்க விஞ்ஞானி கென்னத் கட்டானியா விடை சொன்னார். உலோகப் பிடி போட்ட வலையைத் தொட்டிக்குள் விட்டபோது, மீன் தண்ணீரை விட்டுத் தாவி எழுந்து, தாடையை அதில் அழுத்தி ஷாக் கொடுத்தது. தண்ணீருக்குள் மின்சாரம் நாலா பக்கமும் சிதறிவிடும். மேலே எழுந்து நேராகத் தொட்டால் எதிரியின் உடம்பில் அதிகமாகப் பாயும். வெயில் காலத்தில் வற்றும் குட்டையில் தப்பிக்க வழியில்லாத மீனுக்கு இதுதான் தற்காப்பு. ஹம்போல்ட் பார்த்ததும் அப்படி ஒரு வெயில் காலத்தில்தான்.

அடுத்த வருஷம் கட்டானியா தன் கையையே ஒரு சின்ன மீனிடம் நீட்டி, ஷாக்கை அளந்தும் பார்த்தார். 1859-ல், 89 வயதில் இறந்த ஹம்போல்ட் இதைப் பார்க்கவில்லை. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்திருந்தார். 157 வருஷம் கழித்து அவருக்காக மீனே சாட்சி சொன்னது.